வாயிலும் வாயிற்காவலும்: இந்தியாவில் வைஃபை இணைப்பின் வரலாறு

கம்பியில்லா இணையத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே அளக்கின்றனர். எந்தக் கருவியை, எந்த நிபந்தனையின் பேரில் இணைத்துக்கொள்வது என்னும் கேள்வியும் அதற்கு இணையான கனம் உடையது. இந்தியாவில் அக்கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் அளிக்கப்பட்டுள்ளன.

1997இல் வெளியான 802.11 தரநிலையில் அணுகுமுனை வழக்கமாக நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை தன் இருப்பை அறிவிக்கும். அவ்வறிவிப்புகளைக் கேட்டு எதனோடு இணைவது என்று முடிவெடுப்பது கருவியே. முனை அதை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். வேறு முனைக்கு மாறுமாறு கருவிக்குப் பரிந்துரைக்கும் முறை 2011இல் வந்த 802.11வி திருத்தத்தில்தான் இடம்பெற்றது. ஆக, தொழில்நுட்பம் தேர்வுரிமையைப் பயனரின் கையில் விட்டிருந்தது.

இந்தியச் சட்டத்தின் மரபோ வேறு. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி வானொலிக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2005 சனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிம விலக்கு அளிக்கப்பட்ட பின்னரே வைஃபை வீடுகளிலும் கடைகளிலும் தடையின்றிப் பரவ வழி பிறந்தது.

அந்தத் திறந்த நிலை நீடிக்கவில்லை. 2008 சூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் பாதுகாப்பற்றிருந்த ஒரு வைஃபை இணைப்பின் வழியே அனுப்பப்பட்டதாக விசாரணை காட்டியது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, பயனரை அடையாளம் காணாமல் பொது வைஃபை வழங்கலாகாது என்று அறிவுறுத்தியது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் அன்றிலிருந்து வாயிற்காவலாயிற்று.

2016 சனவரியில் மும்பை சென்ட்ரலில் ரெயில்டெல்லும் கூகுளும் தொடங்கிய இலவச வைஃபை, 2018க்குள் 400 நிலையங்களை எட்டியது. அங்கும் நுழைவுச்சீட்டு கைப்பேசி எண்தான். 2020இல் கூகுள் விலகியது. ரெயில்டெல் சேவையைத் தொடர்ந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று ஒன்றிய அமைச்சரவை பிஎம்-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தேநீர்க்கடைக்காரரும் உரிமமோ பதிவோ இன்றித் தம் கடையில் வைஃபை விற்கலாம். பயனரைப் பதிவுசெய்து சரிபார்க்கும் பொறுப்பு பிறரைச் சார்ந்தது. வழங்குபவருக்கு வாயில் அகலமாயிற்று. நுழைபவரிடம் அடையாளம் கேட்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

குற்றத்தைத் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. எனினும், தன் பெயரில் கைப்பேசி எண் இல்லாத பெண்ணும் முதியவரும் புலம்பெயர்ந்த தொழிலாளியும் பொது வைஃபையின் வாசலிலேயே நின்றுவிடுகின்றனர். கட்டணம் செலுத்த இயலாதோருக்காக எழுப்பப்பட்ட வாயில், அடையாளம் காட்ட இயலாதோருக்கு இன்னும் திறக்கவில்லை.