காலடித் தூரத்து நகரம்

நகரமொன்றின் சிறப்பை நாம் எதனால் அளக்கின்றோம்? மாட மாளிகைகளாலா? அகன்ற வீதிகளாலா? ஒரு பாட்டி கடைக்கு நடந்துபோய் மீள முடியுமா, ஒரு சிறுவன் தனியே பாடசாலைக்குச் செல்ல முடியுமா என்பதே தக்க அளவுகோல் எனலாம். அன்றாடத் தேவைகள் யாவும் வீட்டிலிருந்து நடந்துசெல்லும் தூரத்தில் அமையவேண்டும் என்னும் கொள்கை இன்று புதியதுபோற் பேசப்படுகின்றது. ஆயின் அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் அடிக்கடி மறக்கப்பட்ட பாடம் ஒன்றும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரம் புகையாலும் நெருக்கத்தாலும் திணறியது. அங்கே பாராளுமன்ற உரைகளைச் சுருக்கெழுத்தில் எழுதிச் சீவனம் நடத்திய எபனீசர் ஹவார்ட் என்பார் 1898ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்ட 'தோட்ட நகரம்' 6,000 ஏக்கர் நிலத்தின் நடுவே 1,000 ஏக்கரில் அமைவது. நகரில் 30,000 பேரும் சூழவுள்ள வயல்நிலத்தில் 2,000 பேரும் வாழ்வர். மையத்திலே பூங்கா; அதனைச் சூழக் கடைகள் நிறைந்த கண்ணாடி மண்டபம். மிகத் தொலைவில் வசிப்பவருக்கும் அம்மண்டபம் 600 யார் தூரத்துக்குட்பட்டே இருக்கும். குடிமனைகளின் இடையே பாடசாலைகள். விளிம்பிலே தொழிற்சாலைகளும் புகையிரதப் பாதையும்.

இத்தூரக் கணக்கினும் முக்கியமானது அவர் போட்ட நிலக் கணக்கு. நகரம் வளர நிலத்தின் பெறுமதியும் உயரும். அவ்வுயர்ச்சி தனியொருவர் பைக்குப் போகாது ஊர்ப் பொதுவுக்கே சேரவேண்டும். ஆதலால் நிலம் பொதுவுடைமையாய் இருக்கவேண்டும் என்றார் அவர். 1903ஆம் ஆண்டில் லெச்வேர்த் என்னும் ஊர் இக்கொள்கைப்படி தொடங்கப்பட்டது. 150 பவுணுக்குள் வீடு கட்டிக்காட்டும் கண்காட்சியும் 1905இல் அங்கு நடந்தது. அப்படியிருந்தும் குறைந்த கூலிக்காரர் பலருக்கு வாடகை எட்டவில்லை. அவர்கள் அயலூர்களில் தங்கி அங்கே வேலைக்கு வந்தார்கள். நடக்கத்தக்க நகரம், அதைக் கட்டிய கைகளுக்கே தூரமாயிற்று!

அமெரிக்காவில் மோட்டார் வண்டி பெருகவே, வீதிகளிற் சிறுவர் அடிபட்டு இறந்தனர். இதனைக் கண்ட கிளாரென்ஸ் பெரி 1929ஆம் ஆண்டில், ஆரம்பப் பாடசாலையொன்றை நடுவே வைத்து, கால் மைல் ஆரைக்குள் ஓர் அயலகத்தை வகுத்தார். பெருவீதிகள் அதன் எல்லையோடு நின்றுவிடும். ஆனால் யுத்தத்தின் பின் எழுந்த புறநகர்களோ வீட்டையும் கடையையும் வேறுவேறாகப் பிரித்து, மக்களை மோட்டார் வண்டிக்கு அடிமையாக்கின. வீடும் கடையும் தொழிலும் கலந்திருப்பதே வீதிக்கு உயிரும் காவலும் என 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் எழுதினார்.

அண்மையில், 2016ஆம் ஆண்டில், பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 'பதினைந்து நிமிட நகரம்' என இதற்குப் பெயரிட்டார். 2020இல் பாரிஸ் நகரபிதாத் தேர்தலில் அது வாக்குறுதியாயிற்று. பாடசாலைகள் பலவற்றின் முன் வண்டிகள் தடுக்கப்பட்டன. சனிக்கிழமைகளிற் பாடசாலை முற்றங்கள் அயலவர்க்குத் திறக்கப்பட்டன. அதற்கு முன்பே, 2004 முதல், அந்நகர் வீதியோரக் கடையறைகளை வாங்கிச் சிறு வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டு வந்தது. பணமுள்ளவன் கையில் இடம் சிக்கினால் புத்தகக் கடையும் பலசரக்குக் கடையும் மறைந்துவிடும் என்பதை அறிந்தே இதனைச் செய்தார்கள்.

இவ்வரலாறு எமது தீவுக்கும் அந்நியமன்று. மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களின் தெருக்களிற் கால்நடையாய்த் திரிந்து ஆராய்ந்த பற்றிக் கெடிஸ், 1921ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் நகரமைப்பு அறிக்கை எழுதினார். நோயறியாது மருந்து கொடாதே என்பதே அவர் போதனை.

விரிவுரை மண்டபத்தின் அருகே வாடகை எட்டாமையால் இரண்டு பஸ் மாறிவரும் மாணவர் எம்மிற் பலர். எமக்கு இது வெறும் ஏட்டுச் சங்கதியன்று. பெரியோர்களே, இளைஞர்காள்! நாளை எமது ஊருக்கு ஒரு திட்டம் வரும்பொழுது இரு கேள்விகள் கேட்போம். கடையும் பாடசாலையும் மருந்தகமும் எத்தனை அடி தூரம்? அத்தூரத்துக்குள் குடியிருக்க ஏழைக்கு இயலுமா? முதற் கேள்விக்கு மாத்திரம் விடை தரும் திட்டம் அரைத் திட்டமே.