செயின்ட் காலன் நகரத்துப் பூத்தையல்

ஸ்விட்ஸர்லாந்தின் வடகிழக்கே செயின்ட் காலன் என்றொரு நகரம் உண்டு. இடைக்காலத்தில் அங்கு நெய்யப்பட்ட லினன் துணி ஐரோப்பாவெங்கும் விலை போயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பருத்தி அதன் இடத்தைப் பற்றிக்கொள்ளவே, வணிகர்கள் மெல்லிய மஸ்லின்மீது பூத்தையல் இடுவிக்கும் தொழிலில் இறங்கினர். கிராமத்துப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுத்தனர்.

1828-ஐ ஒட்டி, பிரான்ஸைச் சேர்ந்த மூலூஸ் நகரத்து ஜோசுவா ஹைல்மான் பூத்தையல் யந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இரு முனையும் கூராகி, நடுவில் காதுள்ள ஊசிகள் அதில் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும். தொழிலாளி, ஆறு மடங்கு பெரிதாக வரைந்த சித்திரத்தின் கோடுகளை ஒரு முள்ளால் தொட்டுச் செல்வார். துணி பூட்டிய சட்டம் அதற்கேற்ப நகர, ஊசிகள் அத்தனையும் ஒரே தையலை ஒருங்கே இடும். நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த யந்திரம் குடியானவர் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. ஊசிகளில் நூல் கோப்பது மனைவி மக்களின் வேலை. பள்ளி விட்டு வந்த சிறுவர்களும் அதற்குத் தப்பவில்லை. அந்நகரத்து வணிக மாளிகைகளை வியப்போர் இச்சிறுவரின் கண்களை நினைப்பது அரிது.

1863-ல் ஐசக் குரோப்லி தையல் யந்திர முறையைத் தழுவி ‘ஷிஃப்லி’ யந்திரத்தை அமைத்தார். அப்பெயருக்குச் சிறு படகு என்று பொருள். அடிநூலைச் சுமக்கும் நாடாவின் வடிவத்தால் வந்த பெயர் அது. தமிழிலும் ஓடம் என்னும் சொல் படகையும் நெசவு நாடாவையும் குறிப்பதன்றோ? 1880-களில் மற்றொரு விந்தை நிகழ்ந்தது. பட்டுத் துணிமீது பருத்தி நூலால் தைத்தபின் பட்டை மட்டும் காரநீரில் கரைத்தனர். துணி மறைந்தது, பூக்கள் மட்டும் லேஸாக நின்றன!

1910-ஐ ஒட்டி, உலகப் பூத்தையலில் பாதிக்கு மேல் இவ்வட்டாரத்தில் விளைந்தது. பின்னர் முதல் உலகப் போர் மூண்டது. உடையின் பாணியும் எளிமையை நாடியது. 1920-களில் அரசின் உதவியோடு யந்திரங்கள் உடைத்தெறியப்பட்டன. ஊசி பிடித்த குடும்பங்கள் பல, பிழைப்புக்கு வேறு வழி தேடின.

எஞ்சிய சில நிறுவனங்கள் மலிவான பண்டத்தில் போட்டியிடாமல், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாரிஸின் உயர்தர உடை நிலையங்களை நாடின. டியோர் போன்ற கலைஞர்கள் அத்துணிகளை விரும்பி வாங்கினர். 2009 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஒபாமா பதவியேற்றபோது அவர் துணைவியார் அணிந்த ஆடையின் லேஸ் துணியும் செயின்ட் காலனில் உருவானதே. இன்று ஊசியைக் கணிப்பொறி நடத்துகிறது. ஆயினும் புதிய உடைக்கு வடிவம் தேடும் கலைஞர்கள், அந்நகரத்து ஜவுளி அருங்காட்சியகத்தில் பழைய மாதிரிப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கின்றனர்.