சொட்டு மருந்துக்காக ஓய்ந்த துப்பாக்கிகள்

ரோட்டரி என்றால் ஹோட்டலில் கூடிச் சாப்பிடும் பெரிய மனிதர்களின் கழகம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அது முழுப் பொய்யும் அல்ல. 1905இல் சிக்காகோவில் போல் ஹாரிஸ் என்ற சட்டத்தரணி தொடக்கிய அமைப்பு, 1929இல் கொழும்புக்கு வந்தது. இன்று இலங்கையும் மாலைதீவும் சேர்ந்து அதன் 3220ஆம் மாவட்டம்.

ஆனால் இந்த மாவட்டத்தின் நடுவே ஒரு காலம் போர்முனை ஓடியது. 1995இல் தேசிய போலியோ தடுப்பு மருந்து தினங்கள் தொடங்கின. நாடு முழுவதும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நாளில் சொட்டு மருந்து. ஒரு பகுதி விடுபட்டாலும் கிருமிக்கு ஒளிய இடம் கிடைத்துவிடும். வடக்கில் அப்போது யுத்தம். மருந்தோ குளிர் குறையாமல் போய்ச் சேரவேண்டும்.

அந்த நாட்களுக்கு யுத்த நிறுத்தம் பெற யுனிசெப்புடன் சேர்ந்து முயன்றவர்களில் ஒருவர் ரோட்டரியின் கே. ஆர். ரவீந்திரன். இரு தரப்பும் இணங்கின.

பெருமை முழுவதையும் கழகத்துக்குக் கொடுக்க நாம் தயாரில்லை. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல், அந்தத் தினங்களுக்கு முன்பே. அதன் பின்னால் இருப்பது கிளினிக் கிளினிக்காக உழைத்த குடும்பநல மாதுமாரின் பல வருட வேலை. அயல்நாட்டிலிருந்து கிருமி திரும்பாமல் காத்ததில்தான் அந்தத் தினங்களுக்குப் பங்குண்டு.

2014 மார்ச் 27இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த வருடம் ரவீந்திரன் சர்வதேச ரோட்டரியின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் இலங்கையர்.