மிகைக்கட்டணத் தொலைபேசி எண்களும் மெய்ப்பிக்கும் சுமையும்: தென்காசியை முன்வைத்து ஓர் ஆய்வு

சாதாரண அழைப்புக்கோ குறுஞ்செய்திக்கோ உரிய கட்டணத்தைவிடப் பல மடங்கு வசூலித்து, அதில் ஒரு பங்கை எண்ணை நடத்துபவருக்குத் தருவதே மிகைக்கட்டண எண்களின் இயல்பு. தொலைக்காட்சிப் போட்டி, ஜோதிடம், பாட்டு, கிரிக்கெட் ஸ்கோர் என்று இவை நம் வீடுகளுக்குள் நுழைந்து இருபது ஆண்டுகளாகின்றன. நுகர்வோரின் சம்மதத்தைக் காக்க இந்தியாவில் விதிகள் உள்ளன. ஆனால் பணம் போன பிறகு, போனது முறையற்றது என்று மெய்ப்பிக்கும் சுமை பணத்தை இழந்தவர் தலையிலேயே விழுகிறது. இந்தச் சுமை இடம் மாறாதவரை விதிகளால் பயன் குறைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2005 மே மாதத்தில், மிகைக்கட்டணச் சேவை பற்றிய எல்லா விளம்பரங்களிலும் கட்டண விகிதத்தை வெளியிட வேண்டும் என்று ஆணையிட்டது. வெளிப்படையான சம்மதம் இல்லாமல் மதிப்புக்கூட்டுச் சேவை எதையும் தொடங்கக் கூடாது என்றது 2007 அக்டோபர் ஆணை. 2011 ஜூலை ஆணையும் 2013 ஜூலை ஆணையும் இன்னும் இறுக்கின. வாடிக்கையாளர் ஒருமுறை கேட்டால் போதாது, இரண்டாம் முறையும் உறுதிசெய்ய வேண்டும் என்பது நடைமுறைக்கு வந்தது. சேவையை நிறுத்த 155223 என்ற இலவச எண் நாடு முழுவதற்கும் பொதுவானது. கேட்காமலே காலர் டியூன் ஒட்டிக்கொண்டு மாதாமாதம் முப்பது ரூபாய் போன காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த ஆணைகளின் அருமையை அறிவார்கள்.

ஆனால் இரட்டைச் சம்மதம் சந்தா சேவைகளுக்கானது. ஓர் எண்ணைச் சுழற்றிப் பேசுவது சந்தா தொடங்குவது ஆகாது. அங்கே 2005 ஆணையின் காப்பு விளம்பரத்தோடு நின்றுவிடுகிறது. விளம்பரத்தைப் படிக்காமல், பிறர் சொல்லக் கேட்டோ மிஸ்டு காலைப் பார்த்தோ அழைப்பவருக்கு அது எட்டுவதில்லை.

இந்தியச் சட்ட வரலாற்றில் இப்பொருள் பற்றிய பெரிய வழக்கு ‘கௌன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியை ஒட்டி எழுந்தது. 2007-இல் பார்வையாளர்களுக்கு நடத்தப்பட்ட போட்டியில் ஒரு குறுஞ்செய்திக்கு 2.40 ரூபாய் வசூலிக்கப்பட்டது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பரிசு 2 லட்சம் ரூபாய். பரிசு இலவசம் என்று தோன்றச் செய்து, அதன் செலவை மக்கள் அனுப்பும் குறுஞ்செய்திக் கட்டணத்திலிருந்தே எடுக்கிறார்கள் என்று ‘சொசைட்டி ஆஃப் கேட்டலிஸ்ட்ஸ்’ என்ற நுகர்வோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் இதை முறையற்ற வணிகம் என்று தீர்மானித்து, ஸ்டார் இந்தியா, ஏர்டெல் நிறுவனங்களுக்கு ஒரு கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2019 அக்டோபர் 30 அன்று அத்தீர்ப்பை ரத்து செய்தது. பரிசுப்பணம் குறுஞ்செய்தி வருவாயிலிருந்துதான் வந்தது என்பதற்குச் சான்று இல்லை, மெய்ப்பிக்கும் கடமையை மனுதாரர் நிறைவேற்றவில்லை என்பதே காரணம்.

தீர்ப்பு சட்டப்படி பிழையற்றதாகவே இருக்கலாம். என் கவலை வேறு. பணம் எந்தக் கணக்கில் சேர்ந்தது, யாருக்கு எத்தனை பங்கு என்ற ஏடுகள் முழுவதும் நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. அதை வெளியிலிருக்கும் நுகர்வோர் எங்கே போய்த் தேடுவார்? ஒருவருக்கு மட்டுமே தனிப்படத் தெரிந்த உண்மையை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற கோட்பாடு பழைய சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 109-ஆம் பிரிவிலும் இருக்கிறது. மிகைக்கட்டணத் தகராறுகளுக்கு இதைவிடப் பொருத்தமான கோட்பாடு இல்லை.

தென்காசி இந்தச் சிக்கலை வேறொரு முனையிலிருந்து காட்டுகிறது. 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியில், கடையநல்லூர் போன்ற ஊர்களில், வளைகுடா நாட்டுக்கு ஆள் போகாத தெருக்கள் குறைவு. வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு ரிங் வந்து நின்றால், ‘அவங்களாத்தான் இருக்கும்’ என்று வீட்டில் திருப்பி அழைப்பார்கள்; கூட வேலை பார்ப்பவரின் போனிலிருந்து கூப்பிடுவது அங்கே வழக்கம். உலகெங்கும் நடக்கும் மிஸ்டு கால் மோசடி இந்த அன்பைத்தான் அறுவடை செய்கிறது. திருப்பி அழைக்கும் எண் மிகைக்கட்டண எண். மறுமுனையில் பாட்டோ பதிவுக் குரலோ ஓட, அழைத்தவரின் இருப்பு கரைகிறது. கட்டணத்தில் ஒரு பங்கு மோசடிக்காரருக்குப் போகிறது.

டிராய் 2012 செப்டம்பரில் இதற்கு ஒரு தீர்வு கண்டது. ப்ரீபெய்டு வாடிக்கையாளர் வெளிப்படையாகக் கேட்டாலொழிய ஐ.எஸ்.டி. எனும் வெளிநாட்டு அழைப்பு வசதியைத் திறந்து வைக்கக் கூடாது என்றது. நல்ல ஆணைதான். வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பத்துக்கு முழுக் காப்பு. ஆனால் கடையநல்லூர்க் குடும்பத்தால் ஐ.எஸ்.டி.யை மூடிவைக்க முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்புக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பழைய வழி இன்றும் தேவைப்படுகிறது. துபாய்க்காகத் திறந்த கதவு மோசடி எண் இருக்கும் நாட்டுக்கும் சேர்த்தே திறக்கிறது. மோசடிக்கு மிக எளிதாக இலக்காகும் குடும்பத்துக்கே இந்தக் காப்பு உதவாமல் போகிறது. நாடு வாரியாகவும் நிமிடக் கட்டண உச்சவரம்பு வாரியாகவும் திறக்கும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தருவதே இதற்கு மாற்று.

பணம் போய்விட்டது, இனி என்ன வழி? 2012-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி ப்ரீபெய்டு வாடிக்கையாளர் தம் அழைப்பு வாரியான கணக்கைக் கேட்டுப் பெறலாம். அதற்கு நிறுவனம் 50 ரூபாய் வரை வாங்கலாம், 30 நாள் எடுத்துக்கொள்ளலாம். போனது நாற்பது ரூபாய் என்றால், அதை மெய்ப்பிக்க ஐம்பது ரூபாய்! நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பு முடிவு சொல்ல 39 நாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தென்காசிப் பெண், ஒரு நாள் பீடி சுற்றுவதை விட்டுவிட்டு இதற்காக அலைய மாட்டார். ஒவ்வொருவருக்கும் சிறிதாகவும் வசூலிப்பவருக்குப் பெரிதாகவும் இருக்கும் தொகையில்தான் இந்த வணிகம் நிற்கிறது.

நுகர்வோர் ஆணையத்தின் கதவுகூட நெடுங்காலம் மூடியிருந்தது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, தொலைபேசிக் கட்டணத் தகராறு நடுவரிடமே போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் கூறியது. 2022 பிப்ரவரி 16-இல் வோடஃபோன் ஐடியா வழக்கில் அந்த நிலைப்பாட்டை அதே நீதிமன்றம் மாற்றியது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத்தொடர்பைச் சேவைகளின் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கவும் இடம் தருகிறது. வழி திறந்தது. நாற்பது ரூபாய்க்காக அதில் நடப்பவர் யார் என்பதுதான் மிச்சம்.

அமெரிக்கா 1992-இல் மிகைக்கட்டண எண்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. 900 என்று தொடங்கும் மிகைக்கட்டண எண்ணை அழைத்ததும் நிறுவனத்தின் பெயரும் கட்டணமும் குரலில் அறிவிக்கப்பட வேண்டும். அறிவிப்பு முடிந்து சில விநாடிக்குள் போனை வைத்துவிட்டால் கட்டணம் கிடையாது. அங்கே மாதப் பில் வருவதால், தகராறுக்குரிய தொகையைக் கட்டாமல் நிறுத்திவைக்கவும் முடிந்தது. நம் நாட்டில் பெரும்பாலோர் ப்ரீபெய்டு. பணம் முதலில் போகிறது, கேள்வி பின்னால் வருகிறது. ஆகவே இலவச அறிவிப்பு அமெரிக்கர்களைவிட நமக்கே கூடுதலாகத் தேவை. குற்றாலத்தில் சாரல் விழுகிறதா, ஐந்தருவியில் குளிக்க விடுகிறார்களா என்பதைக்கூடப் போனில் பேசிக் கேட்டறியும் தென்காசி மக்களுக்கு, ஆங்கிலக் குறுஞ்செய்தியில் வரும் கட்டண விவரம் அறிவிப்பே ஆகாது. அது தமிழ்க் குரலில் வர வேண்டும்.

வாடிக்கையாளர் மறுக்கும் தொகையை நிறுவனம் உடனே இருப்பில் திருப்பிச் சேர்க்கட்டும். சம்மதம் இருந்தது என்றால், பதிவைக் காட்டி அதை மெய்ப்பித்த பிறகு எடுத்துக்கொள்ளட்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. டிராய் சட்டத்தின் 13-ஆம் பிரிவின் கீழ் ஒரே ஓர் ஆணை போதும். அந்த ஆணையை டிராய் தாமதமின்றிப் பிறப்பிக்க வேண்டும்.