கல்லறை வாசல் பூக்கடை

மயிலாப்பூரில் இறந்தவருக்குப் பூ வைத்தவர் யார் என்று தேடினால் முதலில் வந்து நிற்பவர் சிவநேசர் என்ற வணிகர். பெரியபுராணம் சொல்லும் கதை இது. பூப்பறிக்கப் போன மகள் பூம்பாவையைப் பாம்பு தீண்டிவிட, உடலைத் தகனம் செய்த தந்தை, எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்தார். பட்டு, சந்தனம், பூமாலை என்று அந்தக் குடத்துக்கு அலங்காரம் செய்துகொண்டே இருந்தார். பிறகு திருஞானசம்பந்தர் வந்தார், பதிகம் பாடினார், பெண் எழுந்துவிட்டாள். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் கபாலீஸ்வரர் கோயில் குளக்கரையில் இன்றும் இதை நடத்திக் காட்டுகிறார்கள். பக்தர்களின் கண் சம்பந்தர்மீது இருக்கும். பூ வியாபாரியாக இருந்தால் குடத்து மாலைமீதும் ஒரு கண் போகும்.

ஏனென்றால், சிவநேசர் செய்தது ஊர் வழக்கத்துக்கு மாறானது. தகனம் முடிந்தால் எலும்பையும் சாம்பலையும் ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடுவதுதான் வழக்கம். திரும்பிப் போய்ப் பூ வைக்க இடமே மிஞ்சாது. இறந்தவருக்கென்று ஓர் இடம் நிலைத்து, அங்கே ஆட்கள் மறுபடி மறுபடி வந்தால்தான் பூவுக்கு வாடிக்கை உண்டு. சங்க காலத்து நடுகல் அப்படி ஓர் இடம். ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரனுக்குக் கல் நட்டு, மாலை சூட்டி, மயிற்பீலி சார்த்தி, கள் படைத்தார்கள். பூ அப்போது காட்டிலேயே கிடைத்தது. விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

விலைக்கு வாங்கும் பூ எது? இன்று சென்னையில் சாவு மாலை என்றால் சம்பங்கி, துலுக்கச் சாமந்தி, வாடாமல்லி, சாமந்தி, ரோஜா. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் சம்பங்கி, துலுக்கச் சாமந்தி, வாடாமல்லி மூன்றையும் தேடிப் பயனில்லை. துலுக்கச் சாமந்தியும், நிலத்தில் பயிராகும் சம்பங்கியும் மெக்சிகோ நாட்டுச் செடிகள். வாடாமல்லிக்கும் மத்திய அமெரிக்காதான் பிறந்த மண். சாமந்தி சீனத்துப் பூ. அமெரிக்கச் செடிகள் கடல் தாண்டியதே கொலம்பஸுக்குப் பிறகுதான். இந்தியாவுக்கு அவற்றைக் கொண்டுவந்ததில் போர்த்துகீசியருக்குப் பெரும்பங்கு உண்டு என்பது பொதுவான கருத்து. அந்தப் போர்த்துகீசியர் 1520களில் மயிலாப்பூர்க் கடற்கரையில் குடியேறி, புனித தோமையாரின் கல்லறை என்று நம்பப்பட்ட இடத்தில் சாந்தோம் தேவாலயத்தை எழுப்பியவர்கள். மெக்சிகோ மக்கள் நவம்பர் 2 அன்று இறந்தவர் நாளில் கல்லறைகளில் கொட்டிக் குவிப்பதும் இதே துலுக்கச் சாமந்தியைத்தான். அதே நாளில் சாந்தோமிலும் கல்லறைத் திருநாள். ஒரே பூ, ஒரே தேதி, நடுவில் இரண்டு பெருங்கடல்!

இந்த நாளுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு வயது. பிரான்சில் க்ளூனி மடத்தின் தலைவராக இருந்த ஓடிலோ தம் மடங்களில் ஏற்படுத்திய வழிபாடு மெல்லக் கத்தோலிக்க உலகம் முழுக்கப் பரவியது. கல்லறை பூமிக்கடியில் நிலையாக இருப்பதால் பிள்ளைகள் வருவார்கள், பேரப்பிள்ளைகள் வருவார்கள். பூக்காரருக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் கிராக்கி உருவானது இங்கேதான்.

தென்சென்னையில் இதைப் பார்க்க அடையாறு ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய குயிபிள் ஐலண்ட் கல்லறைக்குப் போக வேண்டும். நவம்பர் முதல் தேதியே வாசலில் தார்ப்பாய் கட்டிவிடுவார்கள். உள்ளே கல்லறைகளைக் கழுவுவதும் சுண்ணாம்பு அடிப்பதும் நடக்கும். வெளியே உதிரிப்பூக் குவியல், மெழுகுவத்தி, ஊதுபத்தி, தண்ணீர் தெளித்த ரோஜாக் கட்டு. மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டி, வைக்கோலைச் சுற்றி, வாழைநாரால் இறுக்கி, அதன்மேல் பச்சை இலையை அடுக்கி, பூவின் காம்பை ஒவ்வொன்றாகச் செருகினால் மலர்வளையம் ஆயிற்று. சிலுவை வேண்டுமென்றால் வளையத்துக்குப் பதில் இரண்டு பிளாச்சுகளைக் குறுக்கே கட்டுவார்கள். பழகிய கை பேசிக்கொண்டே செய்யும். ஆனால் நவம்பர் முதல் வாரம் வடகிழக்குப் பருவமழையின் காலம். ஒரு நல்ல மழை பெய்தால் உதிரி முழுதும் அழுகிப் போகும்; பூக்காரர் போட்ட முதலும் கூடவே போகும்.

இந்த மலர்வளையம் ஐரோப்பியர் விட்டுப்போன பழக்கம். அது கிறிஸ்தவக் கல்லறையோடு நிற்காமல் அரசியலுக்குள்ளும் புகுந்துவிட்டது. இன்று எந்தத் தலைவர் இறந்தாலும் கட்சி வாரியாக வளையம் வருகிறது. 1969-இல் அண்ணா மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டபோது, தகனம் பழகிய நகரத்துக்கு ஒரு புதுவகைக் கல்லறை கிடைத்தது. 1987-இல் எம்.ஜி.ஆர்., 2016-இல் ஜெயலலிதா, 2018-இல் கருணாநிதி என்று அது நீண்டது. நினைவு நாளும் பிறந்த நாளும் வந்தால் அங்கே பூ இல்லாமல் முடியாது. திராவிட இயக்கம் சடங்கை எதிர்த்தது. பூக்காரருக்கு மட்டும் ஒரு புது வாசலைத் திறந்துவிட்டது.

பாரதியாருக்கு அப்படி ஒரு வாசல் கிடைக்கவில்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியிலிருந்து கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு அவரது இறுதி ஊர்வலத்தில் போனது ஒரு சிறிய கூட்டம்தான். தகனம் முடிந்தது, கல்லறை இல்லை, ஆண்டுதோறும் மாலையோடு போக இடமும் இல்லை. சிலைக்குத்தான் மாலை.

தி.நகர் பக்கத்துக் கண்ணம்மாபேட்டை, மயிலாப்பூரின் கைலாசபுரம், பெசன்ட் நகர் மின்மயானம் எல்லாவற்றிலும் வியாபாரக் கணக்கு ஒன்றுதான். உடல் வீட்டிலேயே மாலை சூடிவிடுகிறது. வழியெல்லாம் உதிரிப்பூவை இறைத்துக்கொண்டே வருகிறார்கள். மயானத்துக்கு வந்து சேரும்போது பூ வேலை முக்கால்வாசி முடிந்துபோகும். நேரே மயானத்துக்கே வருகிற தூரத்துச் சொந்தம், அலுவலக நண்பர்கள், மறுநாள் பால் தெளிக்க வரும் குடும்பம், இவர்கள்தான் வாசல் கடைக்கு மிச்சம். 2001 ஜூலையில் சிவாஜி கணேசனின் இறுதி ஊர்வலம் தி.நகரிலிருந்து பெசன்ட் நகர் போன நாள் மாதிரி எப்போதோ ஒரு நாள் விதிவிலக்கு. ஆகவே சாவு மாலைக் கடை மயானத்தைவிடக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் நன்றாக ஓடும். மயிலாப்பூர் மாட வீதியில் கபாலிக்குக் கட்டிய அதே கைதான் பக்கத்துத் தெருத் துக்கத்துக்கும் கட்டித் தருகிறது. கல்யாண மாலைக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற ஆள் சாவு மாலைக்கு வாய் திறப்பதில்லை. முகூர்த்தமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கடைக்குக் கைகொடுப்பது இந்த வாடிக்கைதான்.

முஸ்லிம் அடக்கஸ்தலங்களின் வாசலில், இறந்தவருக்காக வேண்டும் பராஅத் இரவில் ரோஜா இதழும் ஊதுபத்தியும் விற்கும். ஓர் இரவுக் கடை அது, விடிந்தால் இருக்காது.

சரக்கு எங்கிருந்து? முன்பு பாரிமுனைப் பூக்கடையிலிருந்து. ஒரு காவல் நிலையத்துக்கே பெயர் கொடுத்த சந்தை அது. 1996-இல் கோயம்பேடு வளாகம் திறந்த பிறகு மொத்த வியாபாரத்தின் மையம் அங்கே நகர்ந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி, சத்தியமங்கலம், ஆந்திர எல்லை என்று பல பக்கமிருந்தும் லாரிகள் வரும். விடியுமுன் போய் உதிரியைக் கிலோ கணக்கில் எடுத்து, சாக்கில் கட்டி, பகிர்வு ஆட்டோவில் மயிலாப்பூரோ அடையாறோ வந்து சேர வேண்டும். 2020 மே 5 அன்று கொரோனாவால் கோயம்பேடு மூடப்பட்டு, பூவும் பழமும் மாதவரத்துக்குப் போயின. இறுதிச் சடங்குக்கு 20 பேருக்குமேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. சாவு பெருகிய காலத்தில் சாவு மாலை வியாபாரம் படுத்தது.

புதிதாகக் கடை போட நினைப்பவருக்கு வேண்டிய தளவாடம் கொஞ்சம்தான். ஒரு பலகை, இரண்டு கூடை, தராசு, நார், ஒரு வாளித் தண்ணீர். கஷ்டம் முதல் போடும் பணத்தில்தான். சென்னையில் அதற்குப் பழைய வழி தண்டல். 10,000 ரூபாய் என்று கணக்கு எழுதி, 9,000-மோ அதற்கும் குறைவோ கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் சாயங்காலம் தண்டல்காரர் வந்துவிடுவார். 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஸ்வநிதி திட்டத்தின் முதல் கடனும் தொடக்கத்தில் 10,000 ரூபாயாகவே இருந்தது என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அதற்கு வியாபாரி என்ற அடையாளம் வேண்டும்.

அடையாளம் என்பது 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தோடு வருவது. கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றும் சொல்கிறது. இதற்கெல்லாம் அடித்தளமாக, நடைபாதையில் விற்பதும் தொழில் செய்யும் உரிமையில் அடங்கும் என்று 1989-இலேயே சோடன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரத்தை அரசிடமே விட்டுவைத்தது. பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை 2013-இல் ஓர் அடுக்குமாடி வளாகத்துக்குள் ஏற்றியதுபோல் பூக்கடையை ஏற்ற முடியாது. துக்கத்துக்கு வந்தவர் மாலை வாங்க மாடி ஏறுவாரா?

பூக்கடையை இடம் மாற்றாமல் வைக்க வழி அந்த 2014 சட்டத்திலேயே இருக்கிறது. வாங்குவோரும் விற்போரும் வழக்கமாகக் கூடும் இடத்தை அது இயல்பான சந்தை என்கிறது. 50 ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்த அத்தகைய சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. மயிலாப்பூர் மாட வீதிகளின் பூக்கடைகளையும், குயிபிள் ஐலண்ட் வாசலில் ஆண்டுக்கு இரண்டு நாள் கட்டும் தார்ப்பாய்க் கடைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கும்படி மாநகராட்சியை விற்பனைக் குழுவிலுள்ள வியாபாரிகள்தான் கேட்க வேண்டும். அவர்கள் கேட்கும்போது, அந்த வாசல்களில் பூ வாங்கிய குடும்பங்களும் கூட நிற்கட்டும்.