திமிஷ்கில் நுழைந்த புகை

ஹனஃபி ஃபிக்ஹைப் பயின்றோர் 'அத்துர்ருல் முக்தார்' என்னும் நூலை நன்கறிவர். அதன் ஆசிரியர் அல்லாமா ஹஸ்கஃபீ (ரஹ்), பானங்கள் பற்றிய பாடத்தில் மது வகைகளின் சட்டங்களைச் சொல்லி வருகையில், இடையே ஒரு புதுப் பொருளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அதன் பெயர் 'துதுன்'. துருக்கி மொழியில் புகையைக் குறிக்கும் இச்சொல்லே புகையிலைக்கும் பெயராயிற்று. ஹிஜ்ரி 1015இல் (கி.பி. 1606-07) அது திமிஷ்க் நகரில் தோன்றியது எனத் தம் ஆசிரியர் நஜ்முத்தீன் அல்கஸ்ஸீ (ரஹ்) கூறியதை அவர் பதிவு செய்துள்ளார். புகை எவ்வாறு பானங்களின் பாடத்தில் இடம்பெற்றது என்று மாணவர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. அரபியர் புகையைக் 'குடித்தல்' என்றே வழங்கினர். சுருட்டுக் குடித்தல், பீடி குடித்தல் என்னும் நம் வழக்கும் அத்தகையதே.

குர்ஆனிலும் ஹதீஸிலும் பெயர் சொல்லப்படாத ஓர் இன்பம் திடீரென ஊருக்குள் வந்துவிட்டால் அறிஞர்கள் என்ன செய்வர்? அல்கஸ்ஸீ அதனை ஹராம் என்றார். அது போதை தருவதில்லை என்று புகைப்போர் வாதிப்பதை ஒப்புக்கொண்டாலும், உடலைத் தளரச் செய்யும் பொருள் அது. அத்தகையவையும் ஹதீஸில் தடுக்கப்பட்டுள்ளன என்பது அவர் கூற்று. எனினும், ஓரிரு முறை புகைப்பது பெரும்பாவம் ஆகாது. விடாப்பிடியாகத் தொடர்வதே அவ்வாறு ஆக்கும் என்றும் அளந்தே பேசினார். அதே நகரின் முஃப்தி அப்துர் ரஹ்மான் அல்இமாதீயோ, பூண்டையும் வெங்காயத்தையும் போல வாடையால் வெறுக்கத்தக்கது, மக்ரூஹ் என்றார். எகிப்தில் இப்ராஹீம் அல்லக்கானீ அதற்கு எதிராக எழுத, அதே நாட்டு மாலிக்கி அறிஞர் அலீ அல்உஜ்ஹூரீ ஆதரவாகத் தனி ஏடே எழுதினார்.

ஏடுகளில் நடந்த இந்த விவாதத்துக்குள் அரசவாளும் நுழைந்தது. 1633இல் இஸ்தன்பூலைப் பெருந்தீ அழித்த பின், உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடிப் புகையிலையைத் தடை செய்தார். மீறியோர் கொல்லப்பட்டனர். காத்திப் செலபி தம் 'மீஸானுல் ஹக்' நூலில் (1656) அக்காலத்தை வர்ணிக்கிறார். தண்டனை நிறைவேற்றப்படும் வேளையிலும் சிலர் சட்டைக் கைக்குள் குட்டைச் சுங்கானை மறைத்து வைத்துப் புகைத்தனராம். தடை ஆசையையே வளர்த்தது என்பது அவர் முடிவு. அலெப்போவில் காழியாக இருந்த பஹாயீ எஃபெந்தி, புகைத்த குற்றத்திற்காகப் பதவி இழந்து சைப்ரஸுக்கு நாடு கடத்தப்பட்டார். 1649இல் அவரே பேரரசின் ஷைகுல் இஸ்லாமாகிப் புகையிலையை ஆகும் எனத் தீர்ப்பளித்தார். வரலாற்றுக்கும் நகைச்சுவை உண்டு போலும்!

பின்னர் அரசு அதன்மீது வரியும் விதித்தது. திமிஷ்கின் ஞானி அப்துல் கனீ அந்நாபுலூசீ (ரஹ்) விடுவாரா? புகைத்தல் ஆகும் என நிறுவ 1682இல் 'அஸ்ஸுல்ஹு பைனல் இக்வான்' என்னும் ஏட்டை எழுதியவர் அவர். ஆட்சியாளர் தடுத்ததால் அது ஹராம் என்போருக்கு அவர் எழுப்பிய கேள்வியை இப்னு ஆபிதீன் (ரஹ்) 'ரத்துல் முஹ்தார்' நூலில் எடுத்தாள்கிறார். ஆட்சியாளரின் கட்டளைகள் இரண்டு: ஒன்று விட்டுவிடு என்பது, மற்றது வரி கட்டு என்பது, இவற்றுள் எதைப் பற்றிக்கொள்வது என்பதே அக்கேள்வி. ஆட்சியாளரின் விருப்பு வெறுப்பு ஷரீஅத்தின் சட்டமாகிவிடாது என்பதே அதன் உட்கருத்து. இதற்காகவே அவ்வேட்டை நாம் மதிக்கிறோம்.

அவர்கள் இத்தனை வாதிட்ட அந்த இன்பந்தான் யாது? 1836இல் வெளியான எட்வர்ட் லேனின் எகிப்து நூல் அதனைக் கண்முன் நிறுத்துகிறது. நான்கைந்து அடி நீளமுள்ள சுங்கான். நுனியில் களிமண் கிண்ணம். வாய்வைக்கும் இடத்தில் அம்பர்க் கல். தண்டின்மேல் சுற்றிய பட்டை நீரில் நனைத்துக்கொள்வர். அந்நீர் ஆவியாகையில் உள்ளே வரும் புகை குளிரும். சிரியாவின் லாதிக்கிய்யா துறைமுகத்தை அடுத்த மலைகளில் விளைந்த இலையே உயர்ந்ததெனக் கருதப்பட்டது.

லாதிக்கிய்யாவின் பெயரால் பிற்காலத்தில் உலகறிந்த கறுப்பு இலை, வெயிலில் உலர்த்தியதோடு முடிவதன்று. அதனைக் கூடத்தில் தொங்கவிட்டு, மணமுள்ள விறகுகளின் புகையில் பல வாரங்கள் ஊறவைப்பர். பச்சை நிறம் போய்க் கருமை ஏறும். இதனை 'அபூ ரீஹா', மணத்தின் தந்தை, என்றழைத்தனர். பக்குவம் செய்த இலையைக் காத்து வைத்தால் காலம் எஞ்சிய வேலையைச் செய்கிறது. இலையினுள் மெல்ல நிகழும் மாற்றத்தால் காரமான நெடி தணிந்து, சுவைகள் ஒன்றோடொன்று கலந்து மென்மை பெறுகின்றன. இன்றும் ஆண்டுக்கணக்கில் டப்பாவில் முதிரவைத்த கலவையைத் தேடிப் புகைப்போர் உள்ளனர். அவர்கள் போற்றும் அந்த மென்மை நாவுக்கு உரியதே. நெடி தணிவதால் நிக்கோட்டின் மறைந்துவிடுவதில்லை. எரிந்த இலையின் நஞ்சும் குறைந்துவிடுவதில்லை.

அந்நாபுலூசீயின் காலத்து மருத்துவம் இதனை அறிந்திருக்கவில்லை. புகையைச் சளிக்கு மருந்தென்றோரும் இருந்தனர். நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்கும் உள்ள தொடர்பை டோல், ஹில் ஆகிய இருவர் ஆய்வு செய்து வெளியிட்டது 1950இல்தான். சுங்கான் புகைப்போருக்கு உதட்டிலும் வாயிலும் புற்று வரும் அபாயமும் பின்னர் உறுதியாயிற்று. நம் காலத்து முஃப்திகளுள் பலர் ஹராம் எனத் தீர்ப்பளிப்பது இவ்வறிவின் மீதே. இதனால் முன்னோரை மறுத்துவிட்டனர் என்று சிலர் பேசுவதை நாம் ஏற்பதற்கில்லை. ஆகும் என்ற தரப்பே ஒரு நிபந்தனையையும் விதித்திருந்தது: எவருக்கு அது தீங்கு தருமோ அவருக்கு அது ஹராம், பித்தம் மிகுந்தவருக்குத் தேனும் தீங்கு தருவதைப் போல. இப்னு ஆபிதீனின் ஏட்டில், வரி பற்றிய அக்கேள்விக்கு அருகிலேயே இதனையும் காணலாம்.