கழுவும்போது அல்ல, துடைக்கும்போதுதான் காரில் கீறல் விழுகிறது

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமான் வீடுகளின் வாசலில் வழக்கமாகக் காணும் காட்சி இது. காருக்கு நுரை போட்டுக் கழுவித் தண்ணீர் அடித்து முடிந்ததும், வீட்டுக்குள் ஒரு குரல் போகும்: "அந்தப் பழைய துண்டை எடுத்துட்டு வா!" தலை துவட்டித் தேய்ந்துபோன துண்டோ, யாரோ போட்டுக் கழித்த டி-சட்டையோ வந்து சேரும். ஐந்தே நிமிடத்தில் கார் பளபளக்கும். ஆனால் மதிய வெயிலில் நிறுத்திப் பார்த்தால், பானெட்டின் மேல் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய கோடுகள் தெரியும்.

"இப்போது வரும் பெயிண்டே சரியில்லை" என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். 9 ஆண்டுக் கடனில் எடுத்த கார் ஓராண்டிலேயே மங்கிப்போனால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை வீட்டு வாசலிலேயே, அதுவும் ஈரத்தைத் துடைக்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் போடப்பட்டவை.

காரின் நிறத்துக்கு மேல் நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கிறது. 'கிளியர் கோட்' எனப்படும் அதுதான் காருக்குப் பளபளப்பைத் தருகிறது; வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே. அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரோன் வரைதான். ஒரு தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரோன். சாலைப் புழுதியில் இருக்கும் மணலோ, கண்ணாடியையே கீறக்கூடிய குவார்ட்ஸ் என்னும் கனிமத்தால் ஆனது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் போய்வரும் காரில் இந்த மணல் எவ்வளவு படியும் என்று தோட்டத்து மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நன்றாகக் கழுவினாலும் ஒன்றிரண்டு துகள்கள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். துணியை அழுத்தி இழுக்கும்போது அந்தத் துகளும் கூடவே இழுபடுகிறது. கீறுவது பெரும்பாலும் துணியல்ல, துணிக்கு அடியில் சிக்கிய மணல்.

ஆகவே முதல் வேலையைத் தண்ணீரிடமே விட்டுவிடலாம். கடைசியாக அலசும்போது ரப்பர் குழாயின் முனையில் உள்ள தெளிப்பானைக் கழற்றிவிட்டு, தண்ணீரை மெதுவாகத் திறந்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி வழியவிட வேண்டும். பீய்ச்சி அடித்தால் துளித்துளியாக நிற்கும் தண்ணீர், இப்படி வழியவிட்டால் பாய்போல் ஒன்றாகச் சேர்ந்து, துளிகளையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். மெழுகு போட்ட காரில் இதன் பலன் நன்றாகவே தெரியும். அதன்பிறகு துணிக்கு மிஞ்சுகிற வேலை கொஞ்சம்தான்.

இனி துணி. பழைய டி-சட்டை வேண்டாம். அதன் தையல் விளிம்பும் நெஞ்சில் அச்சடித்த படமும் பூச்சை உரசும். பிளாஸ்டிக் குழலில் அடைத்து விற்கப்படும், ஈரத்தில் ரப்பர்போல் வழுக்கி, காய்ந்தால் அட்டைபோல் விறைத்துக்கொள்ளும் துணியைப் பலர் வைத்திருக்கிறார்கள். தண்ணீரை அது நன்றாகவே உறிஞ்சும். ஆனால் அதன் முகம் வழவழப்பானது. மணல் துகள் ஒன்று சிக்கினால் உள்ளே ஒதுங்க இடமில்லாமல் பூச்சின்மீதே உருளும். நீண்ட இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர் துணியில் துகள் இழைகளுக்கு இடையே போய்விடும், அழுத்தமும் குறையும். வாங்கும்போது சதுர மீட்டருக்கு 400 கிராமுக்கு மேல் உள்ள, விளிம்பில் முரட்டுத் தையல் இல்லாத, பெரிய துணியாகப் பார்த்து வாங்கினால் போதும்.

நல்ல துணியாக இருந்தாலும் தேய்த்தால் பயனில்லை. தலையைத் துவட்டுகிறோம், மேசையைத் துடைக்கிறோம், கண்ணீரை ஒற்றி எடுக்கிறோம். தமிழில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. காருக்கு வேண்டியது மூன்றாவது. துணியைப் பானெட்டின் மேல் விரித்துப் போட்டு, உள்ளங்கையால் லேசாகத் தட்டி, அப்படியே தூக்க வேண்டும். அல்லது இரண்டு முனைகளையும் பிடித்து, கை அழுத்தம் இல்லாமல், துணியின் எடையிலேயே ஒரே நேராக இழுத்துவிடலாம். வட்டமாகத் தேய்த்ததால்தான் கீறல் வட்டமாகத் தெரிகிறது என்று சொல்வது முழு உண்மையல்ல. எந்தத் திசையில் கீறல் இருந்தாலும், விளக்கைச் சுற்றி வட்டமாகத்தான் அது மின்னும். நேராக இழுப்பதன் பயன், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரசாமல் இருப்பதே.

கூரையில் தொடங்கிக் கண்ணாடி, பானெட், பூட், கதவுகளின் மேற்பாதி என்று கீழே வர வேண்டும். கதவுகளின் அடிப்பகுதிக்கும் சக்கரங்களுக்கும் வேறு துணி. அங்கேதான் மண்ணும் பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூளும் அதிகம். துணி தரையில் விழுந்துவிட்டால், உதறிவிட்டு மறுபடி காரில் வைக்கவே கூடாது. மீதிக் காரை அரைகுறை ஈரத்தோடு விட்டாலும் பாதகமில்லை.

பக்கக் கண்ணாடியின் இடுக்கு, கதவுக் கைப்பிடி, எண் பட்டையின் ஓரம் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீர், எல்லாம் முடிந்த பிறகு வழிந்து கோடு போடும். புல்வெட்டுபவர்கள் இலை தள்ளப் பயன்படுத்தும் காற்றூதி வீட்டில் இருந்தால், இந்த இடுக்குகளுக்கு அதைவிட நல்லது இல்லை. எதுவும் பூச்சைத் தொடுவதே இல்லை. தோட்டத்தில் மருந்து தெளிக்கும் முதுகுப் பம்பை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். உள்ளே எந்த மருந்து மிச்சம் இருக்கிறதோ, யார் கண்டது!

"இவ்வளவு எதற்கு? வெயிலில் விட்டால் தானாகக் காய்ந்துவிடுமே" என்பார்கள் சிலர். காயும். ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் போன்ற தாதுக்கள் ஆவியாகிப் போவதில்லை; வெள்ளை வளையங்களாகப் பூச்சில் தங்கிவிடும். சுண்ணாம்புக்கல் மலைகள் உள்ள வட்டாரங்களில் கிணற்று நீரில் கழுவுவோருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். சுடும் வெயிலில் நாள்பட விட்டால் அந்த வளையம் பூச்சையே அரித்துவிடும். காலை எட்டு மணிக்கு முன்போ, மாலையில் வெயில் தாழ்ந்த பிறகோ, நிழலில் கழுவுவது நல்லது. கழுவியவுடன் ஈரத்தோடு ஒரு சுற்று ஓட்டிவரும் பழக்கமும் உண்டு. ஈரமான கார் வழியிலுள்ள புழுதியை எல்லாம் அழைத்துக்கொண்டு வரும். ஈரத்தை எடுத்த பிறகு ஓட்டினால் தவறில்லை, பிரேக் தட்டுகளும் காய்ந்துவிடும்.

கழுவாத நாளில் செய்வது இதைவிடக் கெடுதல். வேலைக்குக் கிளம்பும் முன் பனி ஈரத்தோடு இருக்கும் புழுதியைத் துணியால் வழித்துவிடுவதும், கோழி இறகுத் துடைப்பத்தால் தட்டுவதும் மணல் தாளால் தேய்ப்பதற்குக் கொஞ்சம்தான் குறைவு. முன் கண்ணாடிக்கு வைப்பர் போதும். மற்றதை அடுத்த கழுவல் வரை அப்படியே விடலாம்.

ஏற்கெனவே விழுந்த கோடுகளைப் பாலிஷ் போட்டுப் போக்க முடியும். ஆனால் பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் ஆழத்துக்குச் சீவி எடுக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பாலிஷ் என்று போனால், அந்த 35 மைக்ரோனில் எவ்வளவு மிஞ்சும்? நகம் வைத்துத் தடவினால் இடறுகிற கீறல் பெரும்பாலும் பாலிஷுக்கு அடங்காது. அதற்குப் பெயிண்ட் கடைதான்.

பயன்படுத்திய மைக்ரோஃபைபர் துணியை மற்றத் துணிகளோடு போடாமல் தனியாகத் துவைக்க வேண்டும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தைச் சேர்க்கக் கூடாது; அது இழைகளில் படலமாகப் படிந்து, தண்ணீர் உறிஞ்சும் சக்தியைக் கெடுத்துவிடும். நிழலில் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். காரின் பூட்டில், செருப்புக்கும் கருவிகளுக்கும் நடுவில் சுருட்டி வைத்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான மணல் அதிலேயே தயாராக இருக்கும்.